அத்தாயி கழித்துவிட்டவர்கள்

குமாரபாளையத்தில் தறிக்கு நூல் தார் சுற்றும் அத்தாயிக்கு மெதுவாகப் பேச வராது. விசைத்தறிக் கூடத்தில் பாதி ஆயுசைக் கழித்தவர்களில் யாருக்குத்தான் வரும்? பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் காவிரிக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்பாள். ஜெபமும் அப்படியே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தால், யாருக்கு இடுப்புவலி, யார் மகனுக்கு வேலை வேண்டும் என்பதெல்லாம் தெருமுனை டீக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். அவரும் பாவம், சில வாரங்களில் கடையிலிருந்தபடியே ஆமென் சொல்லியிருக்கிறார்.

கணவன் தறியோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அத்தாயிக்கு வயது முப்பது கூட ஆகவில்லை. இன்று கல்யாணமாகிப் போய்விட்ட மகள் அப்போது கைக்குழந்தை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகும், லைன் வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரர்கள் மட்டும் வேளை தவறாமல் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் போகிற சபைக்குத்தான் அவளும் போனாள். யாரும் அழைக்கவில்லை, அவளே பின்னால் நடந்து போனாள். ஞானஸ்நானத்தின்போது பெயர் மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

"எங்கப்பன் வெச்ச பேருங்க. இந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் நான் திரும்பிப் பாப்பேன். ஆண்டவருக்கும் அது தெரியுமுங்க" என்றாள். போதகர் சுவாமிநாதன் சிரித்துவிட்டார். அவரும் தன் பெயரை மாற்றிக்கொள்ளாதவர்தான்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக் கூட்டத்துக்கு ஆள் பெருகி, விரித்த பாயில் இடம் போதாமல் வாசற்படியில் உட்காரும் நிலை வந்தால், அந்தக் கூட்டத்தை இரண்டாக்கிவிட வேண்டும். நடத்துகிறவரே தன் ஆட்களில் ஒருவரைப் புதுக் கூட்டத்துக்குப் பொறுப்பாக்கி, கூடப் போகிறவர்களையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். புதுக் கோரைப்பாய் ஒன்றை வாங்கி அந்த ஆள் கையில் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது என்பதில் போதகர்கூடத் தலையிட மாட்டார்.

அங்கேதான் நம் அத்தாயி தன் கைவரிசையைக் காட்டினாள். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் நல்ல ஆட்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தலைவலிகளாகப் பார்த்துப் பாயைக் கொடுத்து அனுப்பினாள். முதலில் ஆராயி. இட்லிக்கடை போட்டிருந்த ஆராயிக்கு வாய் சும்மா இருக்காது. ஜெபத்தின் நடுவில், "ஏனுங்கக்கா, ஏசு குடுத்த அஞ்சு அப்பத்தை அத்தன பேரும் தின்னாங்கன்னா, மாவு யாரு ஆட்டுனது?" என்று கேட்பாள். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அத்தாயி, பாய் போதாத நாள் வந்ததும் அவளைத்தான் முதலில் எழுப்பி நிறுத்தினாள். அடுத்த முறை லாரி டிரைவர் மதியழகன். குடியை விட்டும் விடாமலும் தள்ளாடிக்கொண்டிருந்தவன்; அவன் பாடினால் ஊரே விழித்துக்கொள்ளும். அவனுக்கும் ஒரு பாய்.

சித்ராவை மட்டும் அவள் விடவே இல்லை. சித்ரா தங்கமான பெண். முதல் ஆளாக வந்து கூட்டிப் பாய் விரிப்பாள், வேதத்தைத் திக்காமல் வாசிப்பாள், குரலெடுத்துப் பாடினால் மனசு கரையும். அத்தாயி காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வருவதும் அவள் வீட்டிலிருந்துதான். எத்தனையோ முறை கூட்டம் இரண்டானது. ஒவ்வொரு முறையும் சித்ரா அதே மூலையில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

போன தை மாதம் சுவாமிநாதன் அத்தாயியின் வீட்டுக்கு வந்தார். அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டுக் கூட்டம் நடத்துகிறவர்கள் எல்லாம் கூடப்போகிறார்களாம், அங்கே அவள் பேச வேண்டுமாம்.

"நானுங்களா? என்னத்தப் பேசறதுங்க?"

"நம்ம சபையிலிருந்து போன கூட்டங்களை எல்லாம் விசாரிச்சுப் பாத்தோம்க்கா. எந்தப் பக்கம் போனாலும் உங்க வாசல்லதான் வந்து நிக்குது. சேந்தமங்கலத்துல ஆராயிக்காகிட்ட இருந்து எத்தன பேரு நடத்தற ஆளா வந்திருக்காங்க தெரியுமா? நாமக்கல் லாரிப் பட்டறைகள்ல மதியழகன் நடத்தற கூட்டத்துக்கு வந்து எத்தன டிரைவருங்க குடிய விட்டிருக்காங்க! நீங்க அவங்கள எப்படி உருவாக்குனீங்கன்னு சொன்னாப் போதும்."

கிளம்பும்போது போதகர் இன்னொன்றும் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியில் சில குடும்பங்கள் கூட்டம் வேண்டுமென்று கேட்கின்றன. அவள் வீட்டிலும் மறுபடி வாசல்வரை ஆள் உட்கார்கிறது. சித்ராவை அனுப்பலாமா?

"அந்தப் புள்ள இல்லீன்னா எனக்குக் கையொடிஞ்ச மாதிரிங்க. சென்றாயனக் கூட்டிட்டுப் போங்க" என்று பட்டென்று சொன்னாள். சென்றாயன் முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுகிற மனிதர். போதகருக்கும் அது தெரியும். "யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உருவாக்கினேன் என்று எந்த முகத்தோடு மேடையேறுவது? ஆராயி அப்படி என்னதான் செய்கிறாள் என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். துணைக்கு வேறு யார், சித்ராதான். திருச்செங்கோடு, நாமக்கல் என்று பஸ் மாறி சேந்தமங்கலத்தில் இறங்கினபோது கொல்லிமலை எதிரே நின்றது. கணவனின் சொந்த ஊர் என்று ஆராயி அங்கே போய்க் குடியேறி வருஷங்கள் ஆகிவிட்டன.

ஆராயி வீட்டு முன்னறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆராயியைத்தான் காணோம். அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, கூட்டத்த உட்டுப்போட்டு இங்க உக்காந்திருக்கற?"

"வாங்கக்கா, வாங்க! நான் முன்னால போயி உக்காந்தா இதுங்க வாயத் தொறக்காதுங்க. என் வாயப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. அதனால கேள்விய மட்டும் போட்டுட்டு அடுப்படிக்கு வந்திருவேன். போயி உக்காந்து கேளுங்க."

அத்தாயியும் சித்ராவும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஆடு மேய்க்கிற ஒரு பெண் எழுந்தாள். எழுத்துத் தெரியாதவள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். கிணற்றடியில் ஏசு ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கதையைப் போன வாரம் வாசிக்கக் கேட்டு, மனசில் வைத்திருந்து இந்த வாரம் அவள் சொல்ல வேண்டும்.

"உச்சிவெயில்ல தனியாத் தண்ணிக்குப் போறவ யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. ஊருப் பொம்பளைங்க வாய்க்குப் பயந்தவதான் அந்த நேரத்துக்குப் போவா. நானும் போயிருக்கேன்" என்று ஆரம்பித்தாள். "அவகிட்ட அவரு மொதல்ல புத்தி சொல்லலீங்க. தண்ணி குடும்மான்னு கேட்டாரு. யாருமே ஒண்ணும் கேக்காத பொம்பளகிட்ட போயிக் கேட்டாரு. அவளக் குடுக்கற எடத்துல நிறுத்திப்போட்டாருங்க."

அத்தாயிக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அந்தக் கதையை அவள் எத்தனையோ தடவை தெருவுக்கே கேட்கும்படி முழங்கியிருக்கிறாள். ஒரு நாளும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றதில்லை. அடுத்து ஒரு பையன் பேசினான், அவனுக்கு அடுத்து ஒரு கிழவர். அவர்களில் யாருக்கும் அத்தாயி யாரென்றே தெரியாது. தான் ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் வாசலுக்கு வெளியே தள்ளியது இங்கே இப்படி வளர்ந்து நிற்கிறதே என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கோயில் கர்ப்பக்கிரகத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள்போலக் காலை மடக்கிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் சித்ரா டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, அத்தாயி ஆராயியைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஆராயி, என்னைய மேடைல ஏத்தறாங்க புள்ள. நான் உன்னைய உருவாக்குனேனாம். உனக்கு ஒரு சங்கதி தெரியாது. அன்னிக்கு நான் உன்னைய..."

"தொல்ல தாங்காமத்தான் அனுப்புனீங்க. தெரியுமுங்கக்கா."

ஆராயி கையிலிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கே தெரியும். நெம்ப அழுதேன். பாயச் சுருட்டி மூலைல போட்டுட்டு இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுகூட நெனச்சேன். ஆனா என் தலைல கை வெச்சு நீங்க ஜெபிச்சீங்களே, அந்தச் சத்தத்துல? 'ஆண்டவரே, உம்ம மகளை நம்பி அனுப்பறோம், இவளைக்கொண்டு பெரிய காரியம் செய்யும்'னு. நீங்க வழக்கத்துக்குச் சொன்னீங்க. அவரு நெசம்னு எடுத்துக்கிட்டாருங்கக்கா."

அத்தாயி ஆராயியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஆராயி அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "உடுங்கக்கா, மதியழகனும் இதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்" என்றாள்.

திரும்பும்போது சித்ரா, நாமக்கல்லில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? இத்தன வருசமா என்னைய மட்டும் ஏனுங்க அனுப்பல? என் மேல நம்பிக்கையில்லீங்களா? ஒவ்வொரு தடவ பாய் வாங்கறப்பவும் எனக்குத்தான்னு நெனப்பேன். பொறகு நம்மகிட்ட என்னமோ கொற இருக்குதுன்னு ஊட்டுக்குப் போயி அழுதுக்குவேன்."

அத்தாயி வேண்டாதவர்களுக்கெல்லாம் வாசலைத் திறந்துவிட்டு, வேண்டியவளைச் சுவரோரம் உட்காரவைத்தே வாட விட்டிருக்கிறாள். பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணுக்கு அவமானமாகப் போயிருந்தது.

"கொறையெல்லாம் இல்ல கண்ணு. நீ நல்லா இருந்த. அதனாலதான் அனுப்பல" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அப்ப நானும் கொஞ்சம் தொல்ல குடுத்திருக்கோணும் போல."

மறுநாள் காலையில் அத்தாயி போதகருக்குப் போன் செய்தாள். மேடையில் ஆராயியும் மதியழகனும் பேசட்டும், தான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்றாள். பவானிக்கு யார் என்று அவர் கேட்பதற்கு முன்பே, "சித்ராதானுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இன்னொரு நிமிஷம் பேசினால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டத்தின் நடுவில் சித்ரா மண்டியிட்டாள். அத்தாயி அவள் தலையில் கைவைத்தாள். எத்தனையோ பேருக்குக் கடகடவென்று சொன்ன ஜெபம்தான். ஆனால் இப்போது ஒவ்வொரு வார்த்தையும் கனத்தது. சொன்னால் ஆண்டவர் நிஜமென்று எடுத்துக்கொண்டுவிடுவார் என்று தெரிந்த பிறகு, எப்படி வாய்க்கு வந்ததைச் சொல்வது? பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆண்டவரே, இவ இல்லாம எனக்கு ஆகாதுங்க. இருந்தாலும் எடுத்துக்கங்க" என்றாள். சித்ரா பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடப் போகிற சிலரோடு பாலத்துப் பக்கம் நடந்தாள்.

அடுத்த வாரம் அறை பாதி காலியாக இருந்தது. பாட ஆளில்லை, வாசிக்க ஆளில்லை. மிச்சமிருந்தவர்களை அத்தாயி ஒவ்வொருவராகப் பார்த்தாள். புறணி பேசுகிற ஒருத்தி, எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொள்கிற ஒருவர், சுவரில் சாய்ந்து கொட்டாவி விடுகிற சென்றாயன். போன மாதம்வரை இவர்களை எப்படிக் கழித்துவிடுவது என்றுதான் யோசித்திருப்பாள். இன்று அப்படி யோசிக்க வரவில்லை. இவர்களில் யாரை ஆண்டவர் எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறாரோ, யாருக்குத் தெரியும்?

"சென்றாயண்ணா, இன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். வேட்டியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ராத்திரியும் பகலுமாகத் தறி ஓட்டிவிட்டு, தூங்கப் போகாமல் இங்கே வருகிறவர் என்பது அப்போதுதான் அத்தாயிக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஏன் தூங்குகிறீர்கள் என்று ஒரு நாளாவது அவரிடம் கேட்டிருப்பாளா?

"சாமி, எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். "தூங்கிப்போறேன்னு தெரிஞ்சும் வாரா வாரம் எனக்கு எடம் போட்டு வெக்கறீங்க. அந்தச் சித்ராப் புள்ளைக்கு அக்கரைல ஆளு கெடைக்கோணும். இந்த அக்கா தனியா நிக்குது, நீங்க பாத்துக்கோணும்."

ஆமென் என்று அத்தாயி சொன்னது தெருமுனைவரை கேட்டது.