வெறுமையைப் பற்றி நான் பேசிய சாயங்காலம்

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லைக்கோடு எங்கே விழும் என்று டீக்கடை தோறும் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் சித்தூரில் தமிழ் வாத்தியார். தமிழ் வகுப்புகளை நீக்கிவிடப் போவதாக வந்த பேச்சில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி, என் வேலை நிலைத்தால் திருமலைக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். வேலை நிலைத்தது.

அந்த வாரமே வாசகசாலையில் என் பேச்சு. கிறிஸ்தவ ஞானிகள் சொல்லும் வெறுமையும் புத்தர் வழியில் வந்தவர்கள் சொல்லும் வெறுமையும் ஒன்றா என்பது விஷயம். வேலை போய்விடும் என்று நடுங்கியவன் தேர்ந்தெடுத்த விஷயத்தைப் பாருங்கள்.

பேச்சுக்குக் குறிப்பு எழுத வேண்டியிருந்ததால் நான் அவளோடு திருப்பதிக்குப் போகவில்லை. அவள் தனியாகவே போனாள், அலிபிரியிலிருந்து நடந்தே மலை ஏறினாள். பெண்கள் நுனியில் மூன்று கத்தரி முடி கொடுத்தால் போதும், பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். பேச்சு நாளன்று மத்தியானம் பாகாலா ரயிலில் வந்து இறங்கியவள் முழு மொட்டை. மேலே சந்தனம். நாலு பேர் என்ன நினைப்பார்கள், கூட்டத்துக்கு வராதே என்று சொல்லிவிட்டேன்.

நன்றாகத்தான் பேசினேன். கிறிஸ்தவ ஞானி ஆண்டவன் வந்து நிரம்பட்டும் என்று தன் பாத்திரத்தைக் காலி செய்கிறான். பௌத்தனோ நிரப்ப வருகிறவனும் இல்லை, பாத்திரமும் எனதில்லை என்கிறான். ஆனால் 'என்னுடையது' என்ற பிடியை விடுவதுதான் இருவருக்கும் முதல் படி என்றேன். கைதட்டினார்கள்.

தலைமை வகித்த பாதிரியார் ஜன்னல் பக்கம் பார்த்து, வெளியே ஒரு அம்மா வெகுநேரமாக நிற்கிறார், உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள் என்றார். நானும் பார்த்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"யாரோ தெரியலைங்க, மலைக்குப் போய் வந்தவங்க போல," என்றேன்.

வீட்டில் அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் முழுசாகக் கொடுத்தாய் என்றுதான் கேட்டேன்.

"முழுசா தர்றதாத்தான் வேண்டிக்கினேன். முடி குடுக்கறப்ப எனக்கு ஒண்ணும் தோணல," என்றாள். "நீங்க யாரோன்னு சொன்னப்பதான் தலைய மூடிக்கினேன்."

முடி பழையபடி வளர மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை நான் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்.