ஒரே உயரம், ஒரே வேகம்

போன வாரம் என் மனைவி ஸ்டெல்லா கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாக ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினாள். "ஒக்கலிபுரம் வரைக்கும் போகணும். நீங்களும் வாங்க. தனியாப் போக மனசு வரல."

நாங்கள் இருக்கும் லிங்கராஜபுரத்திலிருந்து ஒக்கலிபுரம்... அதுவும் சாயங்கால டிராஃபிக்கில்! யாராவது விரும்பிப் போவார்களா? ஆனால் அவள் முகம் சரியில்லை. கிளம்பினேன். வழியில் சொன்னாள்.

பி.யூ.சி. முதல் வருடத்துக்கு, அதாவது பதினோராம் வகுப்புக்கு, ஃபிசிக்ஸ் எடுக்கிறாள். அன்று, விழும் பொருட்கள் பற்றிய பாடம். இரண்டாவது மாடியிலிருந்து ஒரு கிரிக்கெட் பந்தையும் ஒரு கோலிக்குண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டியிருக்கிறாள். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. பந்துதான் முதலில் விழும் என்று அடித்துச் சொன்னவர்களுக்கு ஏமாற்றம்.

ரம்யா என்ற மாணவி கேட்டாள்: "மனுஷங்களுக்கும் இப்படித்தானா மேம்?"

வகுப்பே சிரித்தது. ரம்யா சிரிக்கவில்லை.

பிறகு ஸ்டாஃப் ரூமுக்குத் தனியாக வந்திருக்கிறாள். அவளுடைய அப்பா பெயின்டர். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் வேலையில் சாரம் சரிந்து, அவரும் செல்வம் என்ற இன்னொரு பெயின்டரும் விழுந்தார்கள். செல்வத்துக்குக் கால் முறிவு. அப்பா அங்கேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்த யாரோ சொன்னார்களாம் — கனத்த உடம்பு, அதான் வேகமா விழுந்துட்டார். செல்வம் ஒல்லி, தப்பிச்சுட்டான்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான்தான் சோத்தைப் போட்டுப் போட்டுக் கொன்னுட்டேன்" என்று ஒரே புலம்பல்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க மேம். நீங்க வந்து சொல்லுங்க."

ஒக்கலிபுரத்தில் ரம்யாவின் வீடு, ஒற்றை அறை. ரம்யாவின் அம்மா எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஸ்டெல்லாவும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. குண்டா இருந்தாலும் ஒல்லியா இருந்தாலும், அந்த உயரத்துலேர்ந்து ஒரே வேகத்துலதான் விழுவாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கீழ வந்திருப்பாங்க."

"நெஜமாவா மேடம்?"

"சத்தியமா."

அந்த முகம் லேசாகத் தெளிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்...

"அப்ப, செல்வம் மட்டும் எப்படிப் பொழைச்சான்?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். 

ரம்யாதான் மெதுவாகச் சொன்னாள். "அவரு மணல் குவியல் மேல விழுந்தாரும்மா. அப்பா சிமென்ட் தரையில விழுந்துட்டார்."

"மணல் எங்க இருந்துச்சு?"

"பக்கத்துலதாம்மா."

 அந்த அம்மா, யாரிடமோ கெஞ்சுவதுபோல, "ஸ்வல்பம்... கொஞ்சமே கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கலாமில்ல..." என்றார்.



மறுநாள் ரம்யா ஸ்டெல்லாவிடம் வந்து சொன்னாளாம்: "அம்மா ரசம் சாதம் சாப்பிட்டாங்க மேம். நான்தான் கொன்னேன்னு இப்ப சொல்றதில்ல. சும்மா அழறாங்க."

குற்ற உணர்ச்சி போய்விட்டது. துக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது.