காலைத் தாங்கி நடக்கும் வியாபாரி

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் என் அத்தா சங்குக்கடை வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே அவர் இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். மீனம்பாக்கத்தில் விமானத்தில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களை டிராவல் ஆபீஸ் டிரைவர்கள் காரில் கூட்டிவருவார்கள். எந்தக் கடை முன்னால் கார் நிற்கிறதோ அந்தக் கடைக்காரர் வீட்டில்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். சும்மா நிறுத்துவார்களா? ஆபீசுக்குத் தெரியாமல் கடைக்காரர்களிடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் போகும்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் வந்தார். விமானத்தில் வருகிறவர்களின் காசு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. பெயர் எங்கேயும் வராது என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அத்தா கமிஷன் விஷயத்தைச் சொன்னார். 

மனிதர் வாக்குத் தவறவில்லை. ‘கடற்கரை ஊரில், காலைத் தாங்கி நடக்கும் இஸ்லாமியச் சங்கு வியாபாரி ஒருவர் சொன்னது’ என்றுதான் எழுதினார். எங்கள் ஊரில் அப்படி எத்தனை பேராம்? கட்டுரையை அவர் வாசித்த கூட்டத்தில் டிராவல் ஆபீஸ் மேனேஜர் ஒருவரும் இருந்தார். ஒரு டிரைவருக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் எங்கள் கடை முன்னால் எந்தக் காரும் நிற்கவில்லை. கார்கள் தாண்டிப் போகும்போது அத்தா சங்குகளைத் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடையை மூடிவிட்டு அவர் புதுப்பட்டினம் சந்தையில் வெங்காயம் விற்க உட்கார்ந்தபோது விரிவுரையாளர் தேடிக்கொண்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டார். விமானப் பயணம், சுற்றுலா பற்றி ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்களுக்கு, விவரம் சொல்கிறவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பெடுக்கப் போகிறாராம். தான் செய்த தப்பை அங்கே சொல்ல அத்தாவின் சம்மதம் வேண்டுமாம். பெயர் வராது என்று பழக்கதோஷத்தில் அதையும் சேர்த்துச் சொன்னார்.

அத்தா தராசைக் கீழே வைத்தார். “இந்த வாட்டி பேரைச் சொல்லியே பேசுங்க சார். காட்டிக் குடுத்தவன்னு ஊரே பேசிக்கினு கீது. உங்கள நம்பித்தான் சொன்னேன்னு அங்கயாவது நாலு பேருக்குத் தெரியட்டும்.”

பெயரைச் சொல்லக் கூடாது என்பதுதான் அந்த வகுப்பின் முதல் பாடம் என்று விரிவுரையாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.  உங்கள் இஷ்டம் என்பதுபோல அத்தா கையை அசைத்துவிட்டுத் தராசை எடுத்தார்.

வகுப்பு நல்லபடியாக நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதில் அத்தா வெறும் ‘ஒரு வியாபாரி’. இந்த முறை காலைப் பற்றிக்கூடச் சொல்லவில்லையாம்.