காலால் அழித்த தடம்

தேயிலைத் தோட்டத்துக் கிளப்பில் துரைமார் டென்னிஸ் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். முழு ஆட்டம் பார்த்தது போன வருடம், தலவாக்கலையில் மகள் வீட்டு டிவியில்தான். செம்மண் தரை. உலகமே அறிந்த ஒருத்திக்கு எதிரே பேர் தெரியாத சின்னப் பெண். நான் சின்னவள் பக்கம்.

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் சின்னவளுக்கு வெற்றி. அவள் அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. வெளியே என்று கோட்டருகே நின்றவர் கத்திவிட்டார். பெரியவள் அங்கே நடந்துபோய்க் குனிந்து பார்த்தாள். பிறகு பந்து பட்ட தடத்தைக் காலால் தேய்த்து அழித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலை மலையில் எனக்கென்று ஒதுக்கிய நிரைக்குள் புகுந்து கொழுந்து பறித்துவிட்டு மறைக்கப் பார்த்தவர்களை நான் விட்டதே இல்லை.

"அடி கள்ளி! தடத்தை அழிக்கிறா பாருடி!"

மகள் சிரித்தாள். "சும்மா இருங்கம்மா. அழிச்சா, பந்து கோட்டுல பட்டுருச்சுன்னு அவங்களே ஒத்துக்கிறாங்கன்னு அர்த்தம். அவங்க தோத்துட்டாங்க."

பெரியவள் வலையருகே வந்து சின்னவளின் கையைப் பிடித்தாள். யாரும் கேட்காமலே உண்மையைச் சொல்லித் தோற்றிருக்கிறாள்.

பெரிய துரை வந்தாலும் லேசில் எழும்பாதவள் நான். அன்று டிவிக்கு முன்னால் எழுந்துவிட்டேன்.

"உட்காருங்கம்மா, முடிஞ்சிருச்சு" என்றாள் மகள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.