படிக்கட்டுக்குக் கீழே மூன்று பூட்டு

நெட் கனெக்‌ஷன் எடுக்கலாம் என்று சொன்னது நான். அதை இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டலாம் என்று சொன்னது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பார்.

நாங்கள் குடியிருப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில். மாடியில் ஓனரம்மா தனியாக இருக்கிறார். கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் சின்ன மகளும். எதிர் போர்ஷனில் ஓர் அக்கா, ஆந்திராவில் தடா பக்கம் பிறந்தவர். அவர் வீட்டுக்காரருக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் காண்டிராக்ட் ஃபிட்டர் வேலை. என்னுடையவர் இரும்புக் கம்பெனியில் வெல்டர். தகடு என்று ஒன்று கையில் கிடைத்தால் போதும், அதை வளைத்து எதையாவது செய்யாமல் அவருக்குத் தூக்கம் வராது.

நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். அவள் நடக்க ஆரம்பித்தபோது கம்பெனியில் மறுபடி வரச் சொன்னார்கள். விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். ஷிப்ட் வாரத்துக்கு ஒரு தினுசாக மாறும். எங்கள் இருவர் ஷிப்டும் ஒன்றாக விழுகிற வாரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? ஆரம்பாக்கத்தில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். என்னால் முடியாது. நினைத்தாலே எனக்குக் கோபம் வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

அப்போதுதான் கூட வேலை பார்த்த ஒருத்தி மூலம் சென்னைக் கம்பெனி ஒன்றைப் பற்றித் தெரிய வந்தது. பொருள் வாங்கியவர்கள் குறை சொல்லி எழுதுவார்கள், அதற்குத் தமிழிலும் தெலுங்கிலும் பதில் டைப் அடிக்க வேண்டும், வீட்டிலிருந்தே. ஆந்திர எல்லை ஆரம்பாக்கத்தில் வளர்ந்தவளுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் போன் நெட் கூடாதாம், வீட்டுக்கு ஒயர் கனெக்‌ஷன் இருக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் பரீட்சை வைப்பார்கள், நடுவில் லைன் அறுந்தால் அத்தோடு சரி, வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆக, என் மகள் என்னோடு இருப்பதா, ஆரம்பாக்கம் போவதா என்பது ஒரு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

தனியாக ஒரு கனெக்‌ஷனுக்குக் கட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை. மூன்று வீடும் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும். அக்காவிடம் கேட்டேன். தெலுங்கு சீரியல் தடையில்லாமல் வரும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஓனரம்மாவிடம் கொஞ்சம் பயந்துகொண்டுதான் போனேன்.

“எம் பேர்லயே போடு. ஆனா செவுத்துல ஓட்ட கீட்ட போட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்றார். அவ்வளவுதான்.

கனெக்‌ஷன் வந்தது. படிக்கட்டுக்குக் கீழே, ஓனரம்மாவின் கரண்டில் ஒரு பிளக், அதில் ரூட்டர். பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டு எரிந்தது. அன்றைக்கே சந்தேகமும் ஆரம்பித்தது. ஓனரம்மா ஒரு விளக்கை எரிய விடமாட்டார். நாம் பாதிப் படி ஏறிக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டு லைட் அணையும். பக்கெட் பாதி நிரம்பும்போது மோட்டார் நிற்கும்.

“தோ பாரு பாப்பா, அந்தம்மா பச்ச லைட்டு எரியறத்தப் பாத்துக்கினு சும்மா இருக்குமா? படுக்கப் போறப்ப புடுங்கிட்டுப் போய்க்கினே இருக்கும்” என்றார் அக்கா. எனக்கும் அந்தப் பயம்தான். அதோடு எனக்கு அக்கா மேலேயும் ஒரு கண். சீரியல் நின்றுபோனால் ரூட்டரையே பிடுங்கித் தன் வீட்டில் சொருகிக்கொள்ளமாட்டார் என்று என்ன நிச்சயம்? என்னைப் பற்றி அக்கா என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

இதைக் கேட்டுக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் அக்கா வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு கம்பெனியிலும் ஒரே வழக்கம் உண்டாம், லோட்டோ என்பார்களாம். மிஷினுக்குள் கையை விட்டு வேலை செய்கிற ஒவ்வொருவனும் அதன் ஸ்விட்சில் தன் பூட்டு ஒன்றை மாட்ட வேண்டும். நாலு பேர் என்றால் நாலு பூட்டு. கடைசி ஆள் கையை எடுத்துவிட்டுத் தன் பூட்டைக் கழற்றுகிறவரை மிஷின் ஓடாது. அடுத்தவன் பூட்டைத் தொட்டவனுக்கு அன்றோடு வேலை போயிற்று.

“அதே மாரி இதுக்கும் போட்டுட்டா பேஜாரே இல்ல. மூணு ஊடு, மூணு பூட்டு. யாரும் தனியா கை வெக்க முடியாது” என்றார் என்னுடையவர்.

அடுத்த வார லீவில் பெட்டி வந்துவிட்டது. ஸ்கிராப் தகடுதான், ஆனால் பீரோ மாதிரி சாம்பல் பெயின்ட் அடித்து, மூன்று பூட்டு மாட்டுகிற கொண்டி வைத்து, மூலையெல்லாம் வெல்டு வைத்து இழைத்திருந்தார். பிளக்கோடு சேர்த்து ரூட்டரை உள்ளே வைத்தோம். நான் ஒரு பூட்டு, அக்கா ஒரு பூட்டு. ஓனரம்மா மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் ஊட்டுலயே எனக்குப் பூட்டா?” என்றார். விறுவிறுவென்று மேலே போனார். ஒரு பெரிய பித்தளைப் பூட்டோடு இறங்கி வந்து, மூன்றாவது ஓட்டையில் மாட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிப் போனார்.

அந்தக் கணம் மூன்று வீட்டிலும் நெட் செத்தது.

“இன்னா நைனா இது, பொட்டிய மூடுனதும் எல்லாம் பூட்ச்சி” என்று அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். ஓனரம்மாவை மறுபடி கூப்பிட்டு, மூன்று பூட்டையும் எடுத்துப் பெட்டியைத் திறந்தால் நெட் வருகிறது. மூடினால் போகிறது. இரும்புக்குள் வைத்து மூடினால் சிக்னல் வெளியே வராது என்பது இரும்பிலேயே வாழ்கிற மனிதருக்குத் தெரியவில்லை. கதவில் துளைகள் போட்டுப் பார்த்தார். இட்லித் தட்டு மாதிரி ஆயிற்றே தவிர சிக்னல் வரவில்லை. நான் சிரித்த சிரிப்பில் மனுஷன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கதவை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் கேட்கிற ஆளா? பெட்டி இருக்க வேண்டும், பூட்டும் இருக்க வேண்டும். அப்படியானால் பெட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒயர்தான் இழுக்க வேண்டும். காயலான் கடைக்குப் போனோம். ஏதோ ஆபீஸைக் காலி செய்தபோது வந்த நெட் ஒயர் கட்டுக்கட்டாகக் கிடந்தது, பழைய ரூட்டர்களும் கிடந்தன. கடைக்காரர் எல்லாவற்றையும் கத்தரிக்காய் போலத் தராசில் போட்டு எடைக்குக் கொடுத்தார். சுவரில் ஓட்டை போடக்கூடாதே, அதனால் ஜன்னல் வழியாக எடுத்து, துணி காயப்போடுகிற கம்பியோடு சேர்த்துக் கட்டி இழுத்தோம். என் கம்ப்யூட்டருக்கு நேராக ஒயர். மற்ற இரண்டு வீட்டிலும் ஒயர் நுனியில் எடைக்கு வாங்கிய ரூட்டர் ஆளுக்கொன்று. ஒருவழியாக மூன்று வீட்டிலும் நெட் ஓடியது. அக்கா அந்த ஒயர் மேலேயே ஈரப் புடவையைப் போட்டதற்கு நான் போட்ட சண்டை தனிக் கதை.

ஆனால் கும்மிடிப்பூண்டி வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் எதுதான் தாங்கும்? ரூட்டர் சூடேறி அடிக்கடி நின்றுபோகும். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால் உயிர் வரும். அதற்கு மூன்று சாவியும் ஒரே நேரத்தில் வேண்டும். நானும் அக்காவும் எங்கள் பூட்டைத் திறந்துவிட்டு, “அம்மா, நெட்டு நின்னுபோச்சி” என்று மேலே பார்த்துக் கத்துவோம். அவர் சாவிக்கொத்து குலுங்க ஒவ்வொரு படியாக இறங்கி வருவார். இன்று என்ன குழம்பு, பிள்ளைக்குச் சளி எப்படி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பூட்டை மறைத்துக்கொண்டு திறப்பார். நாங்கள் பார்த்தால் சாவி தேய்ந்தா போய்விடும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பரீட்சை நாள் வந்தது. காலையிலேயே ஓனரம்மா திருப்பாச்சூர் கிளம்பிப் போய்விட்டார், அவர் அண்ணன் பேரனுக்குக் கோயிலில் காதுகுத்து. என் வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட். நான் குளித்து, நல்ல புடவை கட்டி, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். நெட் இல்லை.

ஓனரம்மாவுக்குப் போன் போட்டேன். பூட்டிய மாடி வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. மெயினை அணைத்துப் போடலாம் என்றால் அதுவும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்குப் போட்டேன். நல்லவேளை, டீ டைமில் இருந்தார்.

“அத்த ஒடைக்க முடியாதும்மா. கொண்டிய சுத்தியும் நான் உள்ள ஒரு வெல்டு வெச்சிக்கீறேன்” என்றார். குரலில் பெருமை வழிந்தது. நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அக்கா தன் வீட்டுக்காரரின் ரம்பத்தோடு நிற்கிறார். இரும்பு அறுக்கிற ரம்பம்.

“நவுரு. அந்தம்மா பூட்ட அறுத்துட்றேன்.”

“வோணாங்க்கா. ஓனர் பூட்டு அது. ஊட்டக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டா?”

“சொன்னா ரெண்டு பேரும் சேந்தே வேற ஊடு பாப்போம். குட்டிய ஆரம்பாக்கத்துல உட்டுட்டு நீ அழுதுகினு பஸ் ஏறுவ, அத்தப் பாத்துக்கினு நான் சீரியல் பாக்கவா? எனக்கு சோறு எறங்காது, நவுரு.”

ரூட்டரைப் பிடுங்கிக்கொள்வார் என்று நான் நினைத்த அக்கா. எங்கள் இரண்டு பூட்டையும் கழற்றினேன். அக்கா உட்கார்ந்து, ரம்பத்தை வைப்பதற்கு வாகாக அந்தப் பித்தளைப் பூட்டைப் பிடித்து இழுத்தார். பூட்டு கையோடு வந்துவிட்டது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நான் இன்னும் அறுக்கவே இல்ல பாப்பா” என்றார் அக்கா.

பூட்டில் கீறல் இல்லை, உடைசல் இல்லை. வளையத்தை அமுக்காமலே சும்மா மாட்டியிருந்தது. அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது என்ற சட்டத்தால் அன்றுவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. யோசிக்க நேரமில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சொருகிவிட்டு ஓடினேன். பரீட்சை முடிகிறவரை லைன் அறுந்துபோகவே இல்லை. எப்படி அறுந்துபோகும்? வெளியே வந்து பார்த்தால் அக்கா படிக்கட்டுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, திறந்த பெட்டிக்குள் இருந்த ரூட்டருக்கு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தது அவருக்கு. ரூட்டர் ஜில்லென்று இருந்தது.

சாயங்காலம் ஓனரம்மா வந்தார், கையில் காதுகுத்துப் பலகாரத்தோடு. பூட்டை நீட்டினேன்.

“ஏம்மா, நீங்க இத்தப் பூட்டவே இல்லியா?”

பூட்டை வாங்கிப் பார்த்தார். “பூட்டிட்டு நான் ஊருக்குப் போய்ட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க? புள்ளைய வெச்சிக்கினு பரிச்சைக்குப் படிச்சிக்கினு கீற, எனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் மாட்டுனீங்க. நான் மாட்டலன்னா கோச்சிக்கினேன்னு நெனப்பீங்களேன்னு நானும் ஒண்ண மாட்டி வெச்சேன்.”

“அப்ப எங்களுக்கு மறைச்சிக்கினு நின்னு தொறப்பீங்களே?”

ஓனரம்மா பலகாரப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

“பூட்டலன்னு தெரிஞ்சா அப்பறம் என்ன எதுக்குக் கூப்புடுவீங்க?” என்றார்.

அவர் படியேறி மேலே போய்விட்டார்.

வேலை கிடைத்தது. மகள் என்னோடுதான் இருக்கிறாள். இதை எழுதும்போதுகூடக் கீபோர்டில் கை வைக்க வருகிறாள். விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர், “கம்பெனில இப்பிடிப் பூட்டாம மாட்டிக்கினு இருந்தா மெமோ குடுப்பாங்க” என்று முணுமுணுத்தபடி பெட்டியின் கதவை அவரே கழற்றி எடுத்தார். அதன் மேல் இப்போது அக்கா வடகம் காய வைக்கிறார். துளைகள் இருப்பதால் காற்றோட்டமாக இருக்கிறதாம்.

கதவு போனதிலிருந்து ரூட்டர் சூடேறுவதில்லை, நிற்பதும் இல்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் நான் படிக்கட்டில் நின்று, “அம்மா, நெட்டு நின்னுபோச்சி, கொஞ்சம் எறங்கி வாங்க” என்று குரல் கொடுப்பேன். சாவிக்கொத்து குலுங்க ஓனரம்மா இறங்கி வருவார். குனிந்து பச்சை விளக்கைப் பார்ப்பார்.

“எரியுதே” என்பார்.

“இப்பத்தாம்மா வந்துச்சி” என்பேன்.

கடைசிப் படியில் உட்கார்ந்து, இன்று என்ன குழம்பு என்று விசாரிக்க ஆரம்பிப்பார்.