கமராவின் நான்கு குறைகள்

பழைய பிலிம் கமராவுக்கு நியாயமான விலை சொல்ல ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, ஷட்டர் மெதுவான வேகத்திலும் சரியாக மூடுகிறதா, வெளிச்சம் அளக்கும் முள் அசைகிறதா, பின்கதவில் வெளிச்சம் கசிகிறதா, படங்களை எண்ணும் சக்கரம் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா. தராசுகளைச் சோதித்துச் சான்று எழுதுவது என் வேலை; கமரா என் துறையல்ல. ஆனாலும் இந்த ஐந்தும் எனக்குப் பதினொரு வயதிலேயே மனப்பாடம்.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே இருந்தது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. மாற்றலாகிப் போன ஒரு கிளாக்கர் ஐயாவிடம் கல்யாணத்துக்கு முன்பே ஒரு கமரா வாங்கியிருந்தார். அடையாள அட்டைக்கு, சடங்குக்கு, சாவுக்கு என்று அவர்தான் படம் எடுப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் இறந்தால் பறைக்கு ஆள் போகும். அடுத்த ஆள் எங்கள் வீட்டுக்கு வருவான். பிணத்தைச் சுற்றிக் குடும்பத்தை நிற்க வைத்து அப்பா எடுத்த படங்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. கைபேசிகள் வந்த பிறகு கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். பெயர் மட்டும் குறையவில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் மற்றவர்களைப் பெயர் சொல்லி அதட்டும் கணக்கப்பிள்ளைகூட அப்பாவை மட்டும் “கமராக்காரரே, வாங்க” என்பார்.

எங்கள் பக்கத்துப் பனியில் எந்த லென்ஸும் இரண்டு மழைக்காலம் தாங்காது. அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி, கமராவைத் துணியில் சுற்றி அதற்குள் புதைத்து வைப்பார். தூள் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். நாங்கள் குடித்தது கடையில் வாங்கிய தூள். லென்ஸ் சுத்தமாக இருந்தது. ஆனால் துணியையும் தாண்டி மெல்லிய தேயிலைத் தூசி ஷட்டருக்குள் போயிருந்தது.

எனக்குப் பதினொரு வயதான அந்த வருடம் ஒரு தரகர் எங்கள் லயத்துக்கு வந்து போனார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் பெண்களைச் சேர்ப்பவர். எங்கள் லயத்திலிருந்து முன்பே இரண்டு பேர் போயிருந்தார்கள். ஒருத்தி காசு அனுப்பினாள். மற்றவளிடமிருந்து காசும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தரகர் போன பிறகு அம்மா அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்.

“ஏங்க, ஒரு மாடு இருந்தா போதுங்க. பாலு ஊத்திச் சமாளிச்சுக்குவேன். நான் போகல.”

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கில் இரண்டாம் ஈத்து மாடு ஒன்று விலைக்கு இருந்தது. இருபத்தையாயிரம் கேட்டார்கள். அம்மாவின் தோடு ஏற்கெனவே அடகில் இருந்ததால் வீட்டில் விற்பதற்கு இருந்தது ஒரே ஒரு பொருள்தான். அப்பா கூரையைப் பார்த்தார். கடைசியில், “வித்துருவோம்” என்றார்.

மறுநாளே என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, கொப்பி கொண்டா. கமராவுல எது நல்லா இருக்கு, எது கெட்டுப்போச்சுன்னு பார்த்து எழுது. விக்கிறவன் பொய் சொல்லக் கூடாது.”

எனக்குப் பட்டியல் போடுவது அப்போதே பிடிக்கும். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து இடப்பக்கம் “நல்லது”, வலப்பக்கம் “குறை” என்று தலைப்பிட்டேன். சனிக்கிழமை முழுவதும் சோதித்தேன். ஒரு செக்கன் என்று வைத்தால் ஷட்டர் மூன்று செக்கன் திறந்தே கிடந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். வெளிச்ச முள் அசையவில்லை. பின்கதவில் வெளிச்சத்தைத் தடுக்கும் பஞ்சு கரைந்துபோய், அம்மாவின் பழைய கறுப்பு வெல்வெட் ரவிக்கையிலிருந்து அப்பா வெட்டி ஒட்டிய கீற்று அங்கே இருந்தது. அதன் ஒரு முனை பிரிந்திருந்தது. எண்ணும் சக்கரம் பன்னிரண்டில் நின்றுவிட்டது. ஆக வலப்பக்கம் நான்கு. இடப்பக்கம் ஏழு வந்தது. அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள்.

“நல்லதுதானே கூட இருக்கு?”

“ஆமா. ஏழு.”

அன்று இரவு மாடு எங்கே கட்டுவது என்பது பற்றி அம்மா என்னிடம் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் தலவாக்கலைக்குப் பஸ் ஏறினோம். பஜாரில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதன் முதலாளிக்கு அப்பாவோடு பல வருடப் பழக்கம். அப்பா பிலிம் கழுவ அங்கேதான் கொடுப்பார். முதலாளி டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“என்ன அண்ணே, இதுல படம் புடிச்சீங்களா, பிளேன்டீ ஊத்துனீங்களா?”

பிறகு லென்ஸைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். சிரிப்பு நின்றது. “பூஞ்சணமே இல்லையே. இந்த ஊருல இப்பிடி ஒரு லென்ஸ நான் பார்த்ததே இல்ல.” ஷட்டரை வேகமான அளவில் வைத்து இரண்டு தடவை அழுத்திக் காதருகே வைத்துக் கேட்டார். “கொழும்புல ஒருத்தர் இந்த மாதிரி தேடிக்கிட்டு இருக்காரு. இருபத்தாறு தர்றேன். நியாயமான வெல. எடுத்துக்கங்க.”

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். மாடு போக ஆயிரம் மிஞ்சும். கயிறும் வாளியும் வாங்கலாம்.

அப்பா கையை நீட்டவில்லை. “அவசரப்படாதீங்க மொதலாளி. குறை இருக்கு. எம் புள்ள எழுதியிருக்கா.” என் பக்கம் திரும்பினார். “பாப்பா, வலது பக்கத்த மட்டும் வாசி.”

நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப் போல வாசித்தேன். ஒன்று, ஷட்டர். முதலாளி மெதுவான வேகத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இருபத்து மூன்று என்றார். இரண்டு, வெளிச்ச முள். மூன்று, பின்கதவு. அப்பா தாமாகவே கதவைத் திறந்து பிரிந்திருந்த முனையைக் காட்டினார். நான்காவதை வாசிக்கும்போது முதலாளி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நீங்க விக்க வந்தீங்களா, விக்காமப் போக வந்தீங்களா?”

நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

“பதினேழு. அதுக்கு மேல இல்ல.”

“அதுக்குக் குடுக்க முடியாதுங்க மொதலாளி.” அப்பா கமராவைத் துணியில் சுற்றித் தூளுக்குள் புதைத்தார்.

பஸ் நிலையத்தில் எனக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார். வழி முழுவதும் டின் அவர் மடியில் இருந்தது. வளைவுகளில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லி விற்கத் தெரியாத மனிதர் என் அப்பா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டியல் முடிவில்லாமல் நிற்பது எனக்குப் பிடிக்காது. பஸ் நின்ற ஓர் இடத்தில் கொப்பியை எடுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன். முதல் விலை 26,000. கடைசி விலை 17,000.

வீட்டில் அம்மா வாசலுக்கு வந்தாள். அப்பா டின்னை மேல் தட்டில் வைத்துவிட்டு, “கடைக்காரன் ஏகப்பட்ட குறை சொல்லிட்டான்” என்றார். குறை சொன்னது நான்தானே என்று திருத்த வாயெடுத்தேன். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

அம்மா என்னிடம் கேட்டாள். “எவ்ளோ குடுப்பாராம்?”

“பதினேழாயிரம்.”

கேட்டது ஒரு கேள்வி. நான் சொன்னது ஒரு பதில். அது சரியான பதில்தான். அம்மா உள்ளே போய் அடுப்பில் விறகைத் தள்ளினாள். “அப்ப சரி” என்றாள்.

கடவுச்சீட்டுக்கான படத்தை அப்பாவே எடுத்தார். வெள்ளைத் துணியை லயத்துச் சுவரில் கட்டி, அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையை விரலால் நிமிர்த்திவிட்டார். எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருக்கும் ஒரே படம் அதுதான். “சிரிக்காத, பாஸ்போட்டுக்குச் சிரிக்கக் கூடாது” என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அம்மா சிரித்துக்கொண்டிருக்கவில்லை.

அம்மா இரண்டு வருடம் என்று போனாள், ஆறு வருடம் கழித்து வந்தாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்து ஒட்டியிருந்தது. கொழுந்து பறிக்க அந்தக் கை உதவவில்லை. என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. நடுவில் வந்த காசில் எங்கள் கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம். நான் படித்ததும் அந்தக் காசில்தான். மாடு வாங்கவில்லை. கமரா இன்னும் டின்னுக்குள் இருக்கிறது. இப்போது சோதித்தால் வலப்பக்கத்தில் ஐந்தாவதாகப் பூஞ்சணத்தையும் எழுத வேண்டும். அப்பா இறந்த பிறகு யாரும் தூளை மாற்றவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அம்மா புறப்படுவதற்கு முதல் நாள் நடந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் என் கொப்பி. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தை விரல் வைத்துத்தான் வாசிப்பாள். எண்களுக்கு விரல் தேவையில்லை. தினமும் கொழுந்துத் தராசில் முள்ளைப் பார்க்கிறவள். அந்தக் கடைசி இரண்டு வரியில் அவள் பார்வை நின்றிருந்தது.

“இது எப்ப எழுதுன?”

“பஸ்ஸுல வரும்போது.”

“அப்பா பார்த்தாரா?”

“இல்ல.”

அவள் அந்தத் தாளை மட்டும் கொப்பியின் கம்பி விலகாமல் மெதுவாகக் கிழித்தாள். நான்காக மடித்தாள். கடவுச்சீட்டைத் திறந்து, தன் படம் இருந்த பக்கத்தில் வைத்து மூடினாள். கொப்பியில் ஒரு தாள் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் எனக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். என் கையெழுத்து அவ்வளவு அழகு. அதை ஞாபகத்துக்கு எடுத்துப் போகிறாள்.

“அங்க போயி எல்லாருக்கும் காட்டுவியா?” என்று கேட்டேன்.

“யாருக்கும் காட்ட மாட்டேன்” என்றாள் அம்மா.