இரண்டு மூடி குறைகிறது

போன வாரம் மகளின் நர்சரியிலிருந்து என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னாலேயே இருக்கிற நர்சரி. குழந்தையிடம் பத்து பிளாஸ்டிக் மூடி கொடுத்தனுப்ப வேண்டுமாம், பல நிறங்களில் இருந்தால் நல்லதாம். படித்ததும் எனக்குள் முதலில் எழுந்த கேள்வி, எதற்கு? அடுத்தது, வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் முந்நூறு மூடி, அவ்வளவையும் வைத்து என்ன செய்யப்போகிறார்கள்? அந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசலாக என் அப்பாவின் குரல்.

அப்பாவுக்குத் தாராவியில் மளிகைக் கடை. குத்தூசியால் நாலு பக்கமும் குத்திப் பார்க்காமல் ஒரு அரிசி மூட்டையைக்கூட உள்ளே விடமாட்டார். மிளகைக் கடித்துப் பார்ப்பார், பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று. பால்காரர், கேபிள்காரர், கோயில் வரிக்கு வருகிறவர் என்று எல்லோரும் ஏதோ ஒரு கலப்படம் செய்கிறவர்கள்தான். என்ன கலப்படம் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவே. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், பால்வாடியில் இன்றைக்கும் விளையாடத்தான் செய்தோம் என்று ஐந்து வயதில் நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பால்வாடி எங்கள் சந்து முனையில் ஒரே ஓர் அறை. அதை நடத்தியவர் சயானிலிருந்து வந்துபோகும் மராத்திக்காரர். எல்லோரும் அவரைத் தாயி என்று கூப்பிடுவோம். மராத்தியில் அப்படியென்றால் அக்கா. அம்மாவுக்கு அது தெரியாது. "பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அவ யாருட்டி ஒனக்குத் தாயி?" என்று முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் சந்தேகம் அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ் நர்சரியில் நோட்டு நோட்டாக ஏ, பி, சி, டி எழுதித் தள்ளினான். என் பையில் நோட்டே கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் மணலும் கையில் பசையும் மட்டும் இருக்கும். என்ன படித்தாய் என்று கேட்டால், கடை வைத்து விளையாடினோம் என்பேன். கடை வைக்கப் பால்வாடிக்கு எதற்குப் போக வேண்டும், இங்கேதான் ஒரு கடை இருக்கிறதே என்று அப்பா கேட்டார். அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

இந்த நிலையில்தான் தாயி மூடி கொண்டுவரச் சொன்னார்.

வேறு ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் குப்பை என்று ஒரு பொருள் கிடையாது. பழைய சாமான் கிடங்குகள் இருக்கும் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பாட்டில் தனி, மூடி தனி, மூடியிலும் நிறத்துக்கு நிறம் தனி மூட்டை. மூடி சேர்க்கிற ஆளைப் பார்த்தால் அவர் பங்கார்காரர், அதாவது பழைய சாமானை எடைக்குப் போடுகிறவர். வேறு காரணத்துக்காக ஒருவர் மூடி சேர்ப்பார் என்பது எங்கள் சந்தில் யார் கற்பனைக்கும் எட்டாது.

"பிள்ளையள வச்சு பங்கார் பொறுக்குதா" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

"கலர் கலராப் பிரிச்சு வேற வைக்கச் சொல்லுதாளாம்" என்றாள் அம்மா. அதோடு வழக்கு முடிந்தது. இனிச் சாட்சி மட்டும்தான் பாக்கி.

சாட்சி நான். டப்பாவில் எத்தனை மூடி இருக்கிறது என்று தினமும் பார்த்து வந்து சொல்ல வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு ஏழுக்கு அடுத்து ஒன்பது, ஒன்பதுக்கு அடுத்து மறுபடியும் ஏழு. முதல் நாள், "நெறைய இருக்கு" என்று சொன்னேன்.

"நெறையன்னா எத்தன? கடக்காரன் மவ பேசுத பேச்சாட்டி இது?"

ரோஷம் வந்துவிட்டது. பால்வாடியில் பாய்க்கு ஆறு பிள்ளைகள், பாய்க்கு ஒரு டப்பா. மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கோபுர ஆட்டத்தைத் தாயி சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு கோபுரத்துக்குப் பத்து மூடி. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவுட். ஒன்று, இரண்டு என்று எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டே அடுக்குவோம். நான் மட்டும் டப்பாவை ஒட்டி உட்கார்ந்து, கண் கொட்டாமல் அடுக்கினேன். மற்றவர்கள் விளையாடினார்கள், நான் வேவு பார்த்தேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

ஒரு மாதத்துக்குள் என் வேவு தேறிவிட்டது. "ஆறு கோபுரம், மேல நாலு" என்பேன். மறுநாள், "செல்வி மூணு கொண்டாந்தா, இப்ப ஆறு கோபுரம், மேல ஏழு" என்பேன். அப்பா தலையை ஆட்டிக்கொள்வார். மூட்டைக்குள் கல் இருக்கிறதா என்று மட்டும் தேடுகிற கண் அது. அரிசி நல்ல அரிசி என்பது அதற்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்தத் தப்பு நடந்தது. டப்பாவில் இரண்டு பச்சை மூடிகள் இருந்தன, இருமல் மருந்து பாட்டிலுடையவை, ஓரமெல்லாம் பல் பல்லாக. என் தீப்பெட்டி வண்டிக்கு அதைவிட நல்ல சக்கரம் பம்பாய் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஒருநாள் கிளம்பும்போது அந்த இரண்டும் என் கவுன் பைக்குள் போய்விட்டன. எடுத்தது நான்தான். ஆனாலும் சாயங்காலம் அப்பா கேட்டபோது, "ஆறு கோபுரம், மேல அஞ்சு" என்று இருப்பதைச் சொன்னேன். எண்ணத் தெரிந்த அளவுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேத்து ஏழுல்லா சொன்ன? ரெண்டு எங்க?"

யார் எடுத்தது என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்கவில்லை. அது யார் என்று அவருக்கு ஒரு மாதமாகவே தெரியும்.

மறுநாள் காலை கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "டீச்சர், தோ டக்கன் கம் ஹை!" என்றார். டக்கன் என்றால் மூடி. பம்பாய்ப் பேச்சில் மடையன் என்றும் அர்த்தம். இரண்டு மடையன்கள் குறைகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அந்தப் பெண்கள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகளைப் பங்கார் பொறுக்க விடுகிறாள், சேர்ந்ததை எடைக்குப் போடுகிறாள் என்று தமிழும் இந்தியுமாகக் கொட்டித் தீர்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

தாயி கோபப்படவில்லை. இரண்டு குறைகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா என்று மட்டும் கேட்டார்.

"மேரா பேட்டி கின்தி கியா" என்றார் அப்பா. என் மகள் எண்ணினாள். நேற்று முன்தினம் அறுபத்தேழு, நேற்று அறுபத்தைந்து.

தாயியின் முகம் மலர்ந்தது. திருடி என்று சொன்னவரைப் பார்த்து, ஏதோ பரிசு கொடுத்தவரைப் பார்ப்பதுபோல அப்படி ஒரு சிரிப்பு. குனிந்து, நீயா எண்ணினாய் என்று என்னைக் கேட்டார். என் வலது கை, நேற்றுப் போட்டிருந்த அதே கவுனின் பையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. அவர் பார்வை அந்தக் கைக்கு வந்தது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "மை லே கயீ தீ" என்றார். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் என் பால்வாடி நின்றது. அந்த வாரத்திலேயே இன்னும் நாலைந்து பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த அறையில் ஒரு தையல்காரர் மிஷின் போட்டிருந்தார். தாயி எங்கே போனார் என்று யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. பெரிய பள்ளியில் சேர்க்கப் போனபோது, நூறு வரை தடங்கல் இல்லாமல் எண்ணினேன். அங்கிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். கடைக்காரன் ரத்தமில்லையா என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அன்று காலை எனக்கு இதெல்லாம் தெரியாது. ஜெயித்த நடையில் அப்பா என் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வலது கை இப்போது பைக்குள் இருந்தது. விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தேன், இரண்டும் இருந்தன. நான் எடுத்தது இரண்டு. தாயி எடுத்தேன் என்று சொன்னது இரண்டு. அப்படியானால் டப்பாவில் நாலல்லவா குறைய வேண்டும்? சந்து முனையிலிருந்து கடை வாசல் வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு மட்டும் எனக்கு வரவே இல்லை.